எலிக்குப் பார்வை போனது நீங்கள் மாற்றிய மரபணுவாலா?

ஒரு மரபணுவை முடக்கிச் சுண்டெலி ஒன்றை உருவாக்கிவிட்டீர்கள். சில வாரம் கழித்துக் கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்தால் விழித்திரையின் கீழ்ப்பாதியில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். வெட்டிச் சாயம் ஏற்றிப் பார்த்தால் ஒளி உணர் செல்களின் அடுக்கு அங்கங்கே சுருண்டு மடிந்து கிடக்கிறது. சரி, நோய் வந்துவிட்டது, எழுத ஆரம்பிக்கலாம் என்று உட்காருவதுதான் பரம்பரைக் கண்நோய் ஆய்வில் எல்லாரும் முதலில் விழும் குழி, ஏனென்றால் நீங்கள் தொடவே தொடாத வேறொரு மரபணுவாலும் இதே படம் அச்சு அசலாக வரும்.

அந்த மரபணுவின் பெயர் சிஆர்பி1. அதிலுள்ள ஒரு பிறழ்வை ஆர்டி8 என்பார்கள், டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டுப்போனதுதான் விஷயம். எந்த ரக எலி என்று கேட்டால் ஆய்வகத்தில் பாதிப் பேர் "பிளாக் சிக்ஸ்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள், அந்தப் பதில் போதாது. பிளாக் சிக்ஸ் எனப்படும் சி57பிஎல்/6 ரகத்தில் "ஜே" (J), "என்" (N) என்று துணை ரகங்கள் உண்டு, 1951-ல் பிரிந்தவை. ஜே எலிக்கு இந்தப் பிறழ்வு இல்லை, "என்" ரக எலிக்கு உண்டு. 2012-ல்தான் இது ஊரறிந்த சேதி ஆனது, அதற்குள் "என்" ரகக் கருச்செல்களை வைத்து ஏராளமான நாக்கவுட் எலிகள் (மரபணு முடக்கிய எலிகள்) உருவாகி உலகம் முழுக்கப் போய்விட்டன. இன்னும் மோசமானது, "என்" ரக எலியை ஜே எலியோடு கலந்து வளர்க்கும்போது நடப்பது: ஒரே ஈற்றில் சில குட்டிக்கு ஆர்டி8 இரண்டு பிரதியும் வரும், சிலவற்றுக்கு வராது, உடனே "எங்கள் மரபணுவின் விளைவு எலிக்கு எலி மாறுபடுகிறது" என்று ஒரு விளக்கம் பிறந்துவிடும். காதோரத்தில் துளி சதை எடுத்து பிசிஆர் என்ற டிஎன்ஏ சோதனை ஒன்று போட்டால் தீர்கிற சந்தேகம் இது. ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கன்ட்ரோல் எலியும் அதே ஈற்றுச் சகோதரனாக இருக்க வேண்டும். முடக்கிய எலி "என்" ரக வழியில், கன்ட்ரோல் வெளியிலிருந்து வாங்கிய ஜே என்றால் அந்த ஒப்பீட்டை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

ஆர்டி1 என்ற இன்னொரு பிறழ்வு இன்னும் பழைய ஆள். 1924-ல் கிளைட் கீலர் என்பவர் கோல் செல்களே (மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் ஒளி உணர் செல்கள்) இல்லாத விழித்திரை கொண்ட எலிகளைப் பற்றி எழுதினார், அப்புறம் அந்த எலி வழி அழிந்துபோனது. சுமார் 70 ஆண்டு கழித்து, அவருடைய பழைய கண்ணாடித் தகடுகளில் ஒட்டியிருந்த திசுச் சீவல்களிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தார்கள். பிடிஇ6பி மரபணுவிலுள்ள அதே ஆர்டி1 பிறழ்வுதான். 1993-ல் வந்த அந்தக் கட்டுரையில் கீலரும் ஓர் ஆசிரியர், இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதை இது. ஆனால் ஆர்டி1 பழங்கதை இல்லை. சி3எச், எஃப்விபி போன்ற பிரபல ரகங்களில் இன்றும் அது உட்கார்ந்திருக்கிறது. அந்த எலிகளுக்குத் தாயிடமிருந்து பிரிக்கும் மூன்று வார வயதுக்குள் கோல் செல்கள் ஏறக்குறைய காலி. வேற்று மரபணுவை நுழைக்க எஃப்விபியின் முட்டை வசதி என்பதால் பலரும் அதை எடுப்பார்கள், எடுத்துவிட்டுக் கண்ணைப் பார்ப்பார்கள். நினைவாற்றலைச் சோதிக்கிறேன் என்று இந்த எலியைத் தண்ணீர்த் தொட்டியில் நீந்த விட்டு, தண்ணீருக்குள் மறைத்த மேடையைத் தேடத் தெரியவில்லை, மறதி என்று எழுதுவதும் இதே வகைதான். சுவரில் மாட்டிய அடையாளமே அதற்குத் தெரியாது, பாவம்.

அடுத்தது வெளிச்சம். வெள்ளை எலியின் கண்ணில் நிறமி கிடையாது, கூண்டு வரிசையின் மேல்தட்டில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாலே அதன் விழித்திரை பாழாகலாம். நிறமி மட்டும் காரணமில்லை. ஆர்பிஇ65 என்ற புரதத்தின் 450-வது இடத்தில் பிளாக் சிக்ஸுக்கு மெத்தியோனின் என்ற அமினோ அமிலம், பால்ப்/சி வெள்ளை எலிக்கு லூசின். லூசின் இருந்தால் ஒளி நிறமி வேகமாகத் திரும்ப உருவாகும், அதனாலேயே ஒளிச் சேதமும் கூடும். கறுப்பையும் வெள்ளையையும் கலந்தால் நிறம் ஒரு பக்கம் பிரியும், இந்த 450 இன்னொரு பக்கம் பிரியும், உங்கள் மரபணு மூன்றாவது பக்கம். ஆர்டி10 என்ற வேறொரு பிறழ்வுள்ள எலியை இருட்டில் வளர்த்தாலே சிதைவு தள்ளிப்போகும். ஆகவே மருந்து கொடுத்த கூண்டு கீழ்த்தட்டிலும் கொடுக்காத கூண்டு மேல்தட்டிலும் இருந்தால், மருந்து "வேலை செய்யும்". தட்டுகளை மாற்றி மாற்றி வையுங்கள், எலியின் கண் மட்டத்தில் எத்தனை லக்ஸ் என்று அளந்து எழுதுங்கள்.

நேரமும் முக்கியம். கோல் செல்லின் வெளிமுனையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தினமும் உதிர்ந்து புதிதாகிறது, விளக்கு போட்ட சற்று நேரத்தில் அந்த உதிர்வு உச்சத்தில் இருக்கும். காலையில் எடுத்த கண்ணையும் சாயங்காலம் எடுத்த கண்ணையும் பக்கத்தில் வைத்து, உதிர்ந்ததை விழுங்கும் நிறமி அடுக்கைப் பற்றிப் பேசாதீர்கள்.

ஈஆர்ஜி, அதாவது ஒளிக்கு விழித்திரை தரும் மின் விடை, அதை எடுக்கும்போது நடக்கும் கோளாறுகள் தனிக் கட்டுரைக்கே காணும். எலியை இரவு முழுக்க இருட்டில் வைத்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் கைப்பேசி வெளிச்சத்தில் தேடி எடுத்தால் அந்த இரவு வீண், மங்கலான சிவப்பு விளக்கில்தான் கையாள வேண்டும். கெட்டமைன், சைலசின் மயக்கத்தில் எலி கண் இமைக்காது, விழி உலரும், உடல் குளிரும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே லென்ஸ் பால்போல வெளுக்கும். எலி விழித்துச் சில மணி நேரத்தில் அது தானாகத் தெளிந்தும்விடும். அதற்கிடையில் பதிவு செய்தவருக்கு ஒரு "புதிய கண்புரை மாதிரி" கிடைத்திருக்கும். வெப்பத் தட்டும் கண்ணுக்குச் சொட்டும் ஜெல்லும் ஆடம்பரம் இல்லை.

வெட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: கண்ணை எடுக்கும் முன் மேல்பக்கம் எது என்று அடையாளம் போடுங்கள். சிதைவு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை, மேலே ஐந்து வரிசை செல் அணுக்கரு மிச்சமிருக்கும்போது கீழே எட்டு இருக்கலாம். அப்புறம், ஒரு எலியின் இரண்டு கண்ணை இரண்டு எலியாக எண்ணாதீர்கள்.

மரபணு சிகிச்சை சோதிப்பவர்கள் வலது கண்ணில் ஊசி, இடது கண் சும்மா என்று விட்டுவிடுகிறார்கள். விழித்திரைக்குக் கீழே ஊசி போடும் காயமே செல்களைக் கொஞ்ச காலம் காப்பாற்றும். ஆர்சிஎஸ் என்ற பெரிய எலி ரகத்தில் வெறும் உப்புக் கரைசல் போட்ட இடத்தைச் சுற்றியும் செல்கள் பிழைத்ததை 1990-லேயே காட்டியாயிற்று. அடுத்த கண்ணுக்கும் ஊசி வேண்டும், உள்ளே மரபணு மட்டும் இருக்கக் கூடாது.

பார்வை திரும்பியது என்று சொல்லக் கண்பாப்பா சுருங்கியதை ஆதாரமாகக் காட்டுவதும் வேண்டாம். கோல், கூம்பு (பகல் வெளிச்சத்துக்கான ஒளி உணர் செல்) இரண்டும் இல்லாத எலிக்கும், மெலனாப்சின் என்ற ஒளி உணரும் புரதம் கொண்ட நரம்புச் செல்களால் பாப்பா சுருங்கும், பகல் இரவும் தெரியும். நகரும் கோடுகளை எலியின் தலை பின்தொடர்கிறதா என்று பாருங்கள். அதுவும் நல்ல கண் உள்ள எலிக்கே ஒரு பாகைக்குச் சுமார் 0.4 கோட்டுச் சுற்று (ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்தது ஒரு சுற்று) வரைதான்.

கடைசியாக, எலிக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஆக இந்த மரபணு கண்ணுக்குத் தேவையில்லை என்று முடிப்பது. கூர்ந்து பார்க்க உதவும் விழித்திரை நடுப்பகுதியான மாகுலா எலிக்குக் கிடையாது, ஒளி உணர் செல்களில் 97 சதவீதம் கோல்கள். ஸ்டார்கார்ட் என்ற பரம்பரைக் கண்நோய்க்கான ஏபிசிஏ4 மரபணுவை எடுத்துவிட்டால் எலியின் கண்ணில் கழிவு நிறமி சேரும், ஆனால் மனிதருக்கு நடுப்பார்வை பறிபோவதுபோல எதுவும் நடக்காது. அஷர் நோயில் இது இன்னும் பட்டவர்த்தனம். காதும் கண்ணும் போகும் நோய் அது, அதே மரபணு கெட்ட எலிகளில் பல செவிடாகும், கண்ணோ பெரும்பாலும் சுகமாக இருக்கும். ஒரு காரணம் 2012-ல் தெரிந்தது: மனிதரிலும் குரங்கிலும் தவளையிலும் ஒளி உணர் செல்லின் வெளிமுனையை அடியில் சுற்றி நிற்கும் மெல்லிய விரல் போன்ற நீட்சிகள் உண்டு, அஷர் புரதங்கள் அங்கேதான் இருக்கின்றன. எலியின் செல்லில் அந்த நீட்சிகள் ஏறக்குறைய இல்லை.