மீஞ்சூர் பக்கம் மனை வாங்கும் முன்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டையில் வாடகை கட்டிக் களைத்துப்போய் சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், நந்தியம்பாக்கம் பக்கம் அரை கிரவுண்டாவது (1,200 சதுர அடி) வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தண்ணீரைப் பாருங்கள், பத்திரம் அப்புறம். அந்த வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்தது 1960களிலேயே தெரிய வந்த விஷயம். இன்றும் பல இடங்களில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். அதனால் மனைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு சொம்பு போர் தண்ணீர் வாங்கி நாக்கில் வைத்துப் பாருங்கள், குடிக்க குழாயா கேனா என்று அந்த வீட்டு அக்காவிடமே கேளுங்கள், புரோக்கரிடம் வேண்டாம்.

அடுத்தது வெள்ளம். பூண்டி ஏரியின் உபரி நீர் கொசஸ்தலை ஆறு வழியாக இந்தப் பக்கமாகத்தான் எண்ணூருக்குப் போகிறது. 2015இல் தண்ணீர் எதுவரை நின்றது என்று டீக்கடையில் விசாரியுங்கள். கார்த்திகை மழையில் ஒரு தடவை நேரில் போய் நின்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சரி, காகிதம். பட்டா, 30 வருஷத்து வில்லங்கச் சான்று (அந்த இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), மனைப்பிரிவு ஒப்புதல் மூன்றும் வேண்டும். அ-பதிவேட்டில், அதாவது எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவேட்டில், அந்த சர்வே எண் புறம்போக்கு (அரசு நிலம்) என்று இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.