மார்பு எக்ஸ்ரே எடுக்கப் பழகுவது: காலிலிருந்து தொடங்குங்கள்

ரேடியாலஜி டெக்னாலஜிஸ்ட் படிப்பில் சேர்ந்து, வகுப்பில் உடற்கூறியலும் கதிர்வீச்சு இயற்பியலும் ஓரளவு படித்துவிட்டு, முதல்முறையாக எக்ஸ்ரே அறைக்குள் நுழைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் மார்பு எக்ஸ்ரேதான். பார்க்க எளிதாக இருக்கும், ஆனால் சரியாக எடுக்கப் பல வாரம் ஆகும். எனக்கு இரண்டு மாதம் ஆனது.

பேட்ஜ் (நம் மேல் படும் கதிர்வீச்சை அளப்பது), ஈய ஏப்ரன், கதவு, கட்டுப்பாட்டு அறை பற்றியெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஏப்ரனை மடித்து வைக்காமல் தொங்கவிடுங்கள் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன். மடித்தால் உள்ளே விரிசல் விழும், வெளியே தெரியாது.

முதலில் ஆள், பிறகு இயந்திரம்

"நீங்கதானே இன்னார்?" என்று கேட்காதீர்கள். காய்ச்சலோடும் பயத்தோடும் உட்கார்ந்திருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். "உங்க பேரு என்ன? பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்லவைத்துப் படிவத்தோடு ஒப்பிடுங்கள். கருத்தரிக்கும் வயதுப் பெண்களிடம் கர்ப்பமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் சங்கிலி, பொத்தான், கொக்கி எல்லாம் கழற்றவேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். முடியைத்தான் மறந்துவிடுவோம். தடித்த பின்னல் கழுத்தின் மேல் கிடந்தால் நுரையீரலின் மேல்நுனியில் நிழலாக விழும், நோய் போலவே தோன்றும். தூக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

தூரமும் திசையும்

நோயாளியின் மார்பு பக்கி ஸ்டாண்டை (படம் பதியும் டிடெக்டரைத் தாங்கி நிற்பது) தொட்டிருக்க, கதிரை அனுப்பும் டியூப் அவர் முதுகுப் பக்கம் இருக்கவேண்டும். கதிர் பின்னாலிருந்து முன்னால் வருவதால் இதற்கு பி.ஏ. என்று பெயர். இதயம் நெஞ்சின் முன்பக்கம் இருக்கிறது. அது டிடெக்டருக்கு அருகில் இருந்தால்தான் உருவம் பெரிதாகாமல் விழும். டியூபை 180 செ.மீ. தள்ளி வைப்பதும் அதற்காகத்தான். சுவரில் கையை ஒட்டி வைத்து, விளக்கைத் தொலைவில் பிடித்து நிழலைப் பாருங்கள். பிறகு கையைச் சுவரிலிருந்து எடுத்து, விளக்கையும் கிட்டே கொண்டுவாருங்கள். நிழல் எப்படி வீங்குகிறது என்று தெரிந்துவிடும்.

டிடெக்டரின் மேல்விளிம்பு தோளுக்கு மேல் நாலைந்து செ.மீ. இருந்தால் போதும்.

நிற்கவைப்பது: நான் தடுக்கி விழுந்த இடம்

என் இரண்டாவது மாதத்தில் ஒரே வாரத்தில் ஐந்து படங்கள் திரும்ப எடுக்கவேண்டியதாயிற்று. ஐந்திலும் ஒரே குற்றம், உடல் திரும்பியிருந்தது. நானோ இரண்டு தோளையும் கையால் தொட்டுப் பார்த்து, சமமாக அழுத்தி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். படத்தில் பார்த்தால் ஒரு பக்கக் காறை எலும்பு முதுகெலும்பை விட்டு எங்கோ விலகி நிற்கும், மறுபக்கம் அதன் மேலேயே ஏறியிருக்கும்.

சீனியர் அக்கா ஒருவர் மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாவது நாள் அருகில் வந்து, "தோளையே பார்த்துட்டு இருக்கியே, அவர் காலைப் பார்த்தியா?" என்றார். குனிந்து பார்த்தேன். அந்தப் பெரியவர் வலது முழங்கால் வலிக்காக முழு எடையையும் இடது காலில் போட்டு, வலது பாதத்தை அரை அடி பின்னால் வைத்திருந்தார். இடுப்பு திரும்பியிருந்தது. தோளை நான் அழுத்திப் பிடித்தவரை நேராக இருந்தது. நான் கையை எடுத்து அறைக்குள் போவதற்குள் உடல் தன் இயல்புக்குத் திரும்பிவிட்டது.

அன்றிலிருந்து என் வரிசை இதுதான். முதலில் பாதங்கள்: சற்றே அகட்டி, இரண்டு கட்டைவிரலும் ஸ்டாண்டிலிருந்து ஒரே தூரத்தில். "இரண்டு காலிலும் சமமா நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு நொடி காத்திருங்கள், எடை மாறுவது கண்ணுக்கே தெரியும். அடுத்து இடுப்பு. பின்னால் நின்று இரண்டு கையாலும் இடுப்பெலும்பின் மேட்டைத் தொட்டுப் பாருங்கள் (தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள்). தோள் கடைசியில்தான்.

படம் வந்த பிறகும் தவறு தெரிந்தால், எந்தப் பக்கம் திருத்துவது என்று குழம்பவேண்டாம். பி.ஏ. படத்தில் எந்தப் பக்கக் காறை எலும்பின் உள்முனை முதுகெலும்பிலிருந்து அதிகம் விலகியிருக்கிறதோ, அந்தப் பக்கத் தோள்தான் டிடெக்டரை விட்டு விலகி நின்றிருக்கிறது. அதை முன்னால் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. திரும்பிய படத்தில் ஒரு நுரையீரல் மற்றதைவிடக் கறுப்பாகத் தெரியும், நடு நெஞ்சு ஒதுங்கியதுபோல் தோன்றும். இல்லாத நோயை நாமே படத்தில் வரைந்து கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

தோள், முகவாய், நடுக்கதிர்

முகவாயை ஸ்டாண்டின் மேல் தூக்கி வைக்கவும். புறங்கை இடுப்பில், முழங்கைகள் முன்னால். இதனால் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை விட்டு வெளியே போகும். தோள்கள் மேலே ஏறாமல் தளர்வாக இருக்கட்டும்.

நடுக்கதிர் ஏழாவது மார்பு முள்ளெலும்புக்கு நேராக. கழுத்தடியில் தடவினால் துருத்திக்கொண்டு கைக்குப் படும் எலும்பு ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. அங்கிருந்து கீழே, பெண்களுக்குச் சுமார் 18 செ.மீ., ஆண்களுக்கு 20 செ.மீ. உங்கள் சாண் எவ்வளவு என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் டேப் வேண்டாம்.

வலது, இடது குறிக்கு ஈய மார்க்கரையே பயன்படுத்துங்கள். பிறகு கணினியில் எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஈய மார்க்கர் உடல் இருந்த நிலைக்குச் சாட்சி. கணினியில் போடும் எழுத்து நம் நினைவுக்கு மட்டுமே சாட்சி.

கேவிபி, எம்ஏஎஸ்

கேவிபி என்பது டியூபுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம், கதிரின் ஊடுருவும் வலிமை அதைப் பொறுத்தது. எம்ஏஎஸ் என்பது மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது, கதிரின் அளவு அதைப் பொறுத்தது. கிரிட்டோடு (சிதறும் கதிரைத் தடுக்கும் தட்டு) 110 முதல் 125 கேவிபி, எம்ஏஎஸ் மிகக் குறைவு. நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் இதயம் துடித்துக்கொண்டே இருக்கிறது.

தானியங்கி எக்ஸ்போஷர் (போதுமான கதிர் வந்ததும் இயந்திரமே நிறுத்திக்கொள்வது) நல்ல வசதிதான். ஆனால் முதல் சில மாதம், சீனியர் அனுமதித்தால், அளவுகளை நீங்களே தீர்மானித்து அவரிடம் காட்டிவிட்டு எடுங்கள். கணக்கு இரண்டே இரண்டு. கேவிபியை 15 சதவீதம் கூட்டுவது எம்ஏஎஸ்ஸை இரட்டிப்பதற்குச் சமம். தூரம் மாறினால் வர்க்கம்: 100 செ.மீ.க்குச் சரியாக இருந்த எம்ஏஎஸ், மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால், 180 செ.மீ.க்கு 3.24 மடங்கு வேண்டும். இவை மனதில் பதியாதவருக்குத் தானியங்கி தவறும்போது ஏன் தவறியது என்று தெரியாது.

மூச்சு

பொத்தானுக்கு இரண்டு நிலை உண்டு. பாதி அழுத்தினால் டியூபுக்குள் ஆனோடு சுழலத் தொடங்கும், முழுக்க அழுத்தினால் கதிர் வரும். நான் ஆரம்பத்தில் "பிடிச்சுக்கோங்க" என்று சொன்ன பிறகுதான் பாதி அழுத்துவேன். ஆனோடு வேகம் எடுப்பதற்குள் மூச்சுத் திணறலோடு வந்தவர் மூச்சை விட்டுவிடுவார். இப்போது, "மூச்சை நல்லா இழுத்து விடுங்க... மறுபடி இழுங்க..." என்னும்போதே பாதி அழுத்திவிடுவேன். "பிடிச்சுக்கோங்க" என்றதும் முழு அழுத்தம். இரண்டாவது மூச்சில்தான் நுரையீரல் நன்றாக விரியும். கண் திரையில் இருக்கக்கூடாது, கண்ணாடி வழியே அவர் மேல் இருக்கவேண்டும்.

படத்தைப் பார்ப்பது

மார்க்கர் இருக்கிறதா? நுரையீரலின் மேல்நுனிகளும் கீழ் மூலைகளும் வெட்டுப்படாமல் வந்திருக்கின்றனவா? காறை எலும்புகள் சமதூரமா? உதரவிதானத்துக்கு மேல் பின்பக்க விலா எலும்புகள் பத்து எண்ண முடிகிறதா? இத்தனையும் பார்த்த பிறகே நோயாளியை அனுப்புங்கள்.

ஒரு மார்பு எக்ஸ்ரேயின் கதிர் அளவு ஏறக்குறைய 0.02 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பெறுவது உலக சராசரியில் 2.4. அளவு சிறியது என்பது திரும்ப எடுப்பதற்குச் சமாதானம் ஆகாது. அவருக்குப் பயனில்லாத எந்த அளவும் அதிகம்தான்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு மாணவி, காலெல்லாம் சரியாக வைத்தும் மூன்று முறை திரும்பியே வந்தது என்று எழுதியிருந்தார். விசாரித்ததில் அந்த நோயாளிக்கு முதுகெலும்பே வளைந்திருக்கிறது. அங்கே திருத்த ஒன்றும் இல்லை. முதல் படத்தோடு நிறுத்தி, படிவத்தில் குறிப்பு எழுதுங்கள். முதுகைப் பார்த்துவிட்டு நிற்கவைக்கும்படி நான் முன்பே சொல்லியிருக்கவேண்டும்.

நிற்க முடியாதவரை என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். உட்காரவைத்து முன்னாலிருந்து எடுப்பது ஏ.பி. படம். அதில் இதயம் பெரிதாகத் தெரியும். பி.ஏ. படத்தில் இதயத்தின் அகலம் மார்பின் உள்அகலத்தில் பாதிக்குள் இருக்கவேண்டும் என்ற கணக்கு இங்கே செல்லாது. அதனால் "ஏ.பி., உட்கார்ந்த நிலை" என்று படத்திலேயே குறியுங்கள்.

படம் அழகாக வருகிறது, ஆனால் திரையில் விலகல் எண் (டிடெக்டருக்குப் போன கதிர் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்பது) +3 காட்டுகிறது, பரவாயில்லையா என்று ஒருவர் கேட்டார். பரவாயில்லை என்று விடக்கூடாது. +3 என்றால் டிடெக்டருக்குத் தேவையானதைப்போல் இருமடங்கு போயிருக்கிறது. டிஜிட்டலில் அதிகம் போனால் படம் கறுக்காது, இன்னும் வழவழப்பாகவே வரும். அதனால் எண்ணைத்தான் பார்க்கவேண்டும்.

கடைசியாகக் கைக்குழந்தை. "மூச்சைப் பிடி" என்று சொல்ல முடியாது. வயிற்றைப் பாருங்கள். அழுகிற குழந்தை நீளமாக அழுது முடித்து ஒரு பெருமூச்சு இழுக்கும். பாதி அழுத்திய விரலோடு அந்த இழுப்புக்குக் காத்திருங்கள்.