பின் குவார்ட்டர் பேனலை வெட்டி மாற்றும் முறை

காரின் பின்கதவுக்கும் பின்விளக்குக்கும் இடையே உள்ள பக்கத் தகடுதான் குவார்ட்டர் பேனல். நசுங்கிய பேனலை அறுப்பதற்கு முன் டேப்பை எடுத்து டிக்கி வாயை மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒத்துவரவில்லை என்றால் உள்சட்டமும் நகர்ந்திருக்கிறது. அதை இழுத்து நேராக்காமல் புதுப் பேனல் வைத்தால் டிக்கி ஒருநாளும் ஒழுங்காக மூடாது.

அளவு சரியா? அப்புறம் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பக்கத்தில் உள்ள சீட், கார்பெட், வயரிங் எல்லாம் வெளியே வரட்டும். பெட்ரோல் டேங்க் அருகே நெருப்பு வேலை என்றால் டேங்க்கை இறக்கியே ஆகவேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வெட்டும் இடத்தை கார் தயாரிப்பாளரின் பாடி ரிப்பேர் மானுவலைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பல கார்களில் கதவுத் தூண்களுக்குள் போரான் ஸ்டீல் என்ற மிக உறுதியான எஃகு இருக்கிறது. சூடு பட்டால் அதன் பலம் போய்விடும். பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் உள்ளே இருப்பவரைக் காப்பதே அதுதான். அதனால் இங்கே ஊகத்துக்கு இடமில்லை. தகடுகளைப் புள்ளி புள்ளியாகப் பிணைத்திருக்கும் ஸ்பாட் வெல்டுகளை அதற்கான கட்டரால் அறுங்கள்; மேல்தகடு மட்டும் அறுபட வேண்டும், அடித்தகட்டில் படக்கூடாது. முதலில் குறியிலிருந்து கொஞ்சம் தள்ளி வெட்டி, பழசை எடுத்த பிறகு சரியான கோட்டுக்கு வாருங்கள்.

இனி வருவதுதான் என்னைப் பொறுத்தவரை முழு வேலையும். புதுப் பேனலைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, கதவு, டிக்கி, பின்விளக்கு, பம்பர் எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி வரும்வரை கழற்றுவதும் மாட்டுவதுமாகத்தான் இருக்கும். அலுப்பு தட்டும், உண்மைதான். ஆனால் வெல்டு வைத்த பிறகு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்த முடியாது.

வெல்டிங்குக்கு வயரை உருக்கி ஒட்டும் மிக் மெஷின், 0.6 மி.மீ. வயர், ஆர்கான் கலந்த வாயு. பழைய பேனலின் துண்டில் ஓட்டிப் பார்த்து கரன்ட்டை அமைத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்புகளில் துத்தநாக வெல்டிங் பிரைமர் அடியுங்கள். வெல்டு வைக்கும்போது வரும் புகை நுரையீரலுக்குக் கெடுதல், மாஸ்க் அவசியம். குளோரின் உள்ள பிரேக் கிளீனரால் துடைக்கவே கூடாது; வெல்டிங் சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும்.

நீளமாக இழுத்து வெல்டு வைத்தால் தகடு அலையலையாக நெளியும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது தள்ளி, ஆறவிட்டு மறுபடி இடையில் ஒன்று.

தேய்த்தபின் எபாக்ஸி பிரைமர், இணைப்புகளில் சீலன்ட், மெல்லிசாகப் பட்டி, பெயின்ட். கடைசியில் உள்ளறைகளுக்குள் துரு தடுக்கும் மெழுகைப் பீய்ச்சுங்கள். அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.