மிச்சத்தில் காலைச் சாப்பாடு: சமையல் பழகாதவர்களுக்கு ஒரு செய்முறை

காலையில் எட்டு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு "சாப்பிட ஒன்றுமே இல்லையே" என்று நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உள்ளே நேற்றுச் சோறு ஒரு கிண்ணம் இருக்கும். பாதி வெங்காயம் இருக்கும், காய்ந்துபோன பிரெட் நாலு துண்டு இருக்கும். ஆனாலும் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஏனென்றால் இவையெல்லாம் "காலையில் சாப்பிடுகிற பொருள்" இல்லை என்று மனது முடிவு கட்டியிருக்கிறது.

அந்த முடிவு வெறும் பழக்கம்தான். வியட்நாமில் விடிந்ததும் சூடான நூடுல்ஸ் சூப் குடிக்கிறார்கள், எகிப்தில் மொச்சை மாதிரியான ஒரு பயறை வேகவைத்து மசித்துச் சாப்பிடுகிறார்கள். வயிற்றுக்கு மணி பார்க்கத் தெரியாது. இதை ஒப்புக்கொண்டால் செலவு பாதி குறைந்த மாதிரி. சந்தேகமிருந்தால் வீட்டில் இருக்கும் சீரியல் பாக்கெட்டின் விலையை, அது எத்தனை வேளைக்கு வருகிறதோ அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் கணக்கு வேண்டாம், நீங்கள் உண்மையில் கிண்ணத்தில் கொட்டிக்கொள்கிற அளவை வைத்துப் போடுங்கள்.

முதல் படி: முந்தின இரவு

சிக்கனமான காலைச் சாப்பாட்டின் முக்கால்வாசி வேலை இரவிலேயே முடிந்துவிடும். சோறோ, உருளைக்கிழங்கோ, பயறோ, எது வேகிறதோ அதில் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடுங்கள். அடுப்பு எப்படியும் எரிகிறது, அந்தக் கைப்பிடிக்கென்று தனியாக எரிபொருள் செலவில்லை.

சோற்றில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். சோறு வெந்தாலும் அவை சாவதில்லை. வெந்த சோறு மணிக்கணக்காக வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் மிச்சச் சோற்றை அகலமான தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளே சாப்பிட்டுவிடுங்கள். ஆவி பறக்கச் சூடாக்குங்கள், அதுவும் ஒரே ஒரு தடவை. இரவு முழுக்க அடுப்பு மேலேயே கிடந்த சோறு என்றால் மனசைத் தேற்றிக்கொண்டு கொட்டிவிடுங்கள். மருத்துவச் செலவு சிக்கனத்தில் சேராது.

இரண்டாம் படி: சோற்று வடை

இதை ஒன்று கற்றுக்கொண்டால் வாரத்தில் இரண்டு காலை தீர்ந்தது. பெயர்தான் வடை, எண்ணெயில் முக்கிப் பொரிக்கிற வேலையெல்லாம் இல்லை. ஒருவருக்கு வேண்டியது: குளிர்ந்த சோறு ஒரு கப், முட்டை ஒன்று, சின்ன வெங்காயத் துண்டு, உப்பு, மிளகுத்தூள், இரண்டு டீஸ்பூன் எண்ணெய்.

சோற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து விரலால் நன்றாக மசியுங்கள். பசை மாதிரி ஆகவேண்டும், மற்றதை ஒட்டிப் பிடிக்கப்போவது அதுதான். மீதிச் சோறு பருக்கை பருக்கையாகவே இருக்கட்டும். பொடியாக நறுக்கிய வெங்காயம், முட்டை, உப்பு, மிளகு எல்லாம் சேர்த்துப் பிசையுங்கள். கரண்டியில் எடுத்தால் மெதுவாகச் சரிந்து விழவேண்டும். ஒழுகினால் ஒரு ஸ்பூன் ஏதாவது மாவு தூவுங்கள்.

வாணலியை மிதமான தீயில் சூடாக்கி எண்ணெய் விடுங்கள். ஒரு பருக்கையைப் போட்டுப் பாருங்கள். சுர்ரென்று சத்தம் வந்தால்தான் அடுத்த வேலை. கலவையைக் கரண்டி கரண்டியாகப் போட்டு, விரல் கனத்துக்குத் தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நான்கு நிமிடம் தொடவே கூடாது.

நான் முதல் தடவை செய்தபோது ஒரு நிமிடத்திலேயே அவசரப்பட்டுத் திருப்பினேன். பாதி என் கரண்டியோடு வந்தது, பாதி வாணலியோடு இருந்துவிட்டது. சுரண்டித்தான் சாப்பிட்டேன், ருசியில் குறையில்லை என்பது வேறு விஷயம். அடிப்பக்கம் வெந்து மொறுமொறுப்பான பிறகு வடை தானாகவே வாணலியை விட்டுவிடும். ஓரம் பொன்னிறமாகும். வாணலியை லேசாக ஆட்டினால் வடை நகரும். அப்போது திருப்புங்கள், மறுபக்கம் மூன்று நிமிடம், நடுப்பகுதிவரை முட்டை வெந்திருக்க வேண்டும். நாலு சின்ன வடை வரும்.

முட்டை சாப்பிடாதவர்கள் இரண்டு டேபிள்ஸ்பூன் கடலை மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துச் சேர்க்கலாம். தீயை இன்னும் சற்றுக் குறைத்து, கூடுதலாக இரண்டு நிமிடம் விடுங்கள். மாவு பச்சையாக இருந்தால் கசக்கும். காலிஃபிளவர் தண்டு, கேரட் முனை என்று குப்பைக்குப் போகிறவற்றையும் துருவிப் போடலாம். நான் தண்டுகளுக்கென்றே ஒரு டப்பா வைத்திருக்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள், ஆனால் சாப்பிடுகிறார்கள்.

மூன்றாம் படி: காய்ந்த பிரெட்

பிரெட்டை ஃபிரிட்ஜில் வைப்பவரா நீங்கள்? அங்கேதான் அது வெளியே இருப்பதைவிட வேகமாகக் காய்ந்து விறைக்கிறது. குளிரில் அதன் மாவுச்சத்து மறுபடி இறுகுவதுதான் காரணம். இரண்டு நாளில் தீராது என்று தெரிந்தால் ஃபிரீஸரில் போடுங்கள், வேண்டும்போது துண்டு துண்டாக எடுத்து வாட்டிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே காய்ந்துவிட்டதா? நல்லதாகப் போயிற்று. பாலையும் முட்டையையும் உறிஞ்சிக்கொண்டு குழையாமல் நிற்கக் காய்ந்த பிரெட்தான் சரி. பாலிலும் முட்டையிலும் ஊறவைத்து வாட்டும் பிரெட்டுக்குப் பிரெஞ்சு மொழியில் "வீணாய்ப்போன ரொட்டி" என்றே பெயர். வீணாக இருந்ததை மீட்டெடுக்கும் வழியாகவே வந்த பண்டம் அது.

நான் செய்வது உப்புப் போட்ட வகை. நாலு துண்டைப் பிய்த்துப் போட்டு, இரண்டு முட்டை, ஒரு கப் பால், உப்பு, மிளகு சேர்த்து அடித்து ஊற்றி இருபது நிமிடம் ஊறவிடுங்கள். எண்ணெய் தடவிய வாணலியில் கொட்டி, மூடி, சின்னத் தீயில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம். நடுவில் கத்தி நுனியைக் குத்தினால் ஈரக் கலவை ஒட்டக்கூடாது. முந்தைய நாள் பொரியல் ஏதாவது மிஞ்சியிருந்தால் அதையும் உள்ளே போடுங்கள். இரண்டு பேர் சாப்பிடலாம்.

பூஞ்சை பிடித்த பிரெட்டை மட்டும் "அந்த இடத்தை வெட்டிவிட்டுச் சாப்பிடலாம்" என்று நினைக்காதீர்கள். அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். முழுதாகத் தூக்கிப் போடுங்கள்.

நான்காம் படி: பயறு

விலைக்கும் புரதத்துக்கும் கணக்குப் போட்டால் உலர்ந்த பயறை மிஞ்ச ஆளில்லை. ஒரு கப் உலர்ந்த பயறு வெந்தால் இரண்டரை கப்புக்குக் குறையாது. விடுமுறை நாளில் மொத்தமாக வேகவைத்து, சின்னச் சின்ன டப்பாக்களில் ஃபிரீஸரில் அடுக்கிவிடுங்கள். அப்புறம் வெங்காயம், தக்காளி வதக்கி, ஒரு டப்பாவைக் கவிழ்த்து, கரண்டியால் பாதியை மசித்து, வாட்டிய பிரெட் மேல் போட்டால் பத்து நிமிடத்தில் சாப்பாடு.

ராஜ்மா என்றால் கவனம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், அதில் உள்ள லெக்டின் என்ற பொருள்தான் காரணம். இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் முதல் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று ஆகும்வரை வேகவையுங்கள். பிரஷர் குக்கரில் நன்றாக வேகவைத்தாலும் சரிதான். மிகக் குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகும் மின்சாரப் பாத்திரங்களில் பச்சை ராஜ்மாவைப் போடவே வேண்டாம்.

மற்றவை

ஓட்ஸைப் பாலும் சர்க்கரையும் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும் என்று சட்டமில்லை. அரை கப் ஓட்ஸ், ஒரு கப் தண்ணீர், உப்பு, ஐந்து நிமிடம். மேலே நேற்றைய குழம்பு. இரவெல்லாம் பாட்டிலில் ஊறவைத்துக் குளிரக் குளிரச் சாப்பிடுகிறார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்குப் பிடிக்கலாம். ஆனால் அதன் மேல் தூவ என்று விலையுயர்ந்த விதைகளை வாங்கினால் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

வேகவைத்துக் குளிர்ந்த உருளைக்கிழங்கைச் சதுரமாக நறுக்கி வாட்டினால், பச்சைக் கிழங்கைவிடச் சீக்கிரம் சிவக்கும். சூப் மிஞ்சினால் சூடாக்கிக் குடியுங்கள், அதற்குச் செய்முறை எதற்கு?

முதல் வாரம் இத்தனையும் செய்யாதீர்கள். இன்றிரவு ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகப் போட்டுப் பாருங்கள், அது போதும். டப்பாவின் மேல் ஒரு டேப் ஒட்டி, என்றைக்கு வைத்தது என்று எழுதுங்கள். மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் எப்போதும் இடம் மாறிவிடும்.