தூதரக வணிகப் பிரிவைச் சீர்செய்ய: என்கொயரிப் பதிவேட்டில் தொடங்குங்கள்

வெளிநாட்டிலுள்ள இந்தியத் தூதரகமொன்றின் வணிகப் பிரிவு படுத்துக் கிடக்கிறது, அதை எழுப்பும் பொறுப்பு உங்களுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேசையில் கண்காட்சிப் படங்களோடு ஆண்டறிக்கை இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு என்கொயரிப் பதிவேட்டை, அதாவது இந்தியச் சரக்கு கேட்டு எழுதியவர்களின் பதிவேட்டைக் கேளுங்கள். பெரும்பாலும் அப்படி ஒன்று இருக்காது. மின்னஞ்சல்கள் நாலு பேர் பெட்டியில் சிதறிக் கிடக்கும்.

முதல் வாரத்திலேயே, தெரிந்த உள்ளூர் இறக்குமதியாளர் ஒருவரிடம் சொல்லி, அவருக்கு நிஜமாகவே தேவைப்படும் சரக்கைக் கேட்டுப் பொது மின்னஞ்சலுக்கு எழுதச் செய்யுங்கள். ஊழியர்களிடம் சொல்ல வேண்டாம். பதில் எத்தனை நாளில் வந்தது, அதில் என்ன இருந்தது என்று பாருங்கள். ‘இணைப்பில் உள்ள ஏற்றுமதியாளர் பட்டியலைக் காண்க’ என்று 300 பெயர்களைத் தள்ளிவிட்டிருந்தால் அது பதிலே இல்லை.

பிறகு கடந்த 12 மாத மின்னஞ்சல்களையும் ஒரே எக்செல் தாளில் இறக்குங்கள். வந்த தேதி, கேட்டவர், பொருள், ஆறு இலக்க எச்எஸ் கோடு (சுங்கத்துக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் உலகப் பொது எண்), அளவு, யாருக்கு அனுப்பப்பட்டது, 30 நாள் கழித்து என்ன ஆனது: இவ்வளவு போதும். அதிகம் தவறுவது எச்எஸ் கோட்டில்தான். பையர் (சரக்கை வாங்குபவர்) ‘காட்டன் டி-ஷர்ட்’ என்று எழுதுவார்; படத்தைப் பார்த்தால் காலரும் முன்பட்டனும் வைத்த போலோவாக இருக்கும். காலர் இல்லாத பருத்திப் பின்னல் டி-ஷர்ட் 6109.10, ஆண்களுக்கான பருத்திப் பின்னல் போலோ 6105.10. கோடு மாறினால் சுங்க வரி விகிதம் மாறலாம், வர்த்தக ஒப்பந்தச் சலுகைக்கான மூலச்சான்றும் (சரக்கு எந்த நாட்டில் உருவானது என்ற சான்று) செல்லாமல் போகலாம். அதனால் படம், துணியின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் கிராம் எடை), சைஸ் வாரியாக எண்ணிக்கை, விலை எஃப்ஓபியா (கப்பலில் ஏற்றும் வரை) சிஐஎஃபா (காப்பீடும் கப்பல் கூலியும் சேர்த்து) என்ற நான்கையும் பையரிடம் வாங்கிய பிறகே இந்தியாவுக்கு அனுப்புங்கள். பின்னலாடை என்றால் ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில், தோல் என்றால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தோல் ஏற்றுமதிக் கவுன்சில். இரண்டு வேலை நாளில் முதல் பதில், ஐந்து நிறுவனங்களுக்கு மேல் பரிந்துரை இல்லை என்று விதி வைத்துவிடுங்கள்.

அடுத்தது பையருக்கும் இந்திய ஏற்றுமதியாளருக்கும் இடையிலான தகராறுக் கோப்புகள். தூதரகம் நீதிமன்றம் இல்லை என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இரு தரப்புக்கும் எழுதலாம், உள்ளூர் வழக்கறிஞர் பட்டியல் தரலாம், இந்திய ஏற்றுமதியாளர் மீதான தரப் புகாரை டிஜிஎஃப்டிக்கு (இந்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) அனுப்பலாம். ஒன்றை மட்டும் வரிசையில் நிறுத்தாதீர்கள்: மின்னஞ்சலை ஹேக் செய்து வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிப் பணத்தைச் சுருட்டும் மோசடி. புகார் வந்த அன்றே, பணம் அனுப்பிய வங்கி வழியாகத் திரும்பப்பெறும் கோரிக்கை போக வேண்டும். ஓரிரு நாள் தாண்டினால் அந்தக் கணக்கு காலியாகியிருக்கும்.

உள்ளூர் ஊழியர் விஷயத்தில் அவசரம் ஆகாது. சந்தையை அறிந்தவர் அவர்தான். கதவை அடைத்து உட்கார்ந்திருப்பவரும் சில சமயம் அவரே. நீக்குவதற்கு முன் ஒப்பந்தத்தை உள்ளூர்த் தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். தூதரகம் என்ற கவசம் எப்போதும் காப்பாற்றும் என்று நம்ப முடியாது: லண்டனிலுள்ள சூடான், லிபியா தூதரகங்களின் முன்னாள் பணியாளர்கள் தொடுத்த வழக்கில், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017இல் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. பல நேரங்களில் வேலையை மாற்றிக் கொடுத்தாலே போதும். என்கொயரி பார்ப்பவரும் கண்காட்சி ஸ்டாலுக்கு ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பையரை அறிமுகம் செய்துவைத்துக் கமிஷன் வாங்கும் பழக்கம் முளைப்பதும் அந்த இடத்தில்தான். தூதரக அதிகாரி சொந்த லாபத்துக்காக வணிகம் செய்வதை தூதரக உறவுகள் குறித்த 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 42ஆம் பிரிவு தடுக்கிறது. உள்ளூர் ஊழியருக்கு அதே விதியை ஒப்பந்தத்திலேயே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

கண்காட்சிகளைப் பாதியாகக் குறையுங்கள். மிச்சமிருப்பவற்றுக்கு 60 நாள் முன்பே பையர்களோடு நேரம் குறித்து, முடிந்த ஏழாம் நாளும் 90ஆம் நாளும் தொலைபேசியில் கேட்டுப் பதிவேட்டில் ஏற்றுங்கள். ரிப்பன் வெட்டும் படம் எத்தனை பேர் ஆர்டர் கொடுத்தார்கள் என்று சொல்லாது.

கடைசியாக, பொது மின்னஞ்சல் அதிகாரியின் பெயரில் இல்லாமல் பதவியின் பெயரில் இருக்கட்டும், கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும். மாற்றலாகிப் போகிறவரின் சொந்த ஜிமெயிலோடு மூன்று வருடத் தொடர்புகளும் விமானம் ஏறிவிடுவது அடிக்கடி நடக்கிறது.