தகைவிலான்: ஒரு விளையாட்டுக் கஷாயத்தைக் கொழும்பில் கலக்கும் முறை

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'தி விட்சர் 3' கணினி விளையாட்டில், அதன் நாயகனான பிசாசு வேட்டைக்காரன் கெரால்ட் காயம்பட்டால் முதலில் தேடும் குப்பி 'ஸ்வாலோ'. தமிழில் அது தகைவிலான் குருவி. அதன் செய்முறையில் மூன்றே பொருட்கள்: குள்ளர்களின் கடுஞ்சாராயம் ஒன்று, செலண்டைன் என்னும் மஞ்சள் பூச்செடி ஐந்து, நீரில் ஆட்களை அமிழ்த்திக் கொல்லும் பிசாசின் மூளை ஒன்று. சாராயத்தில் மூலிகையை ஊறவைத்துச் சாரம் இறக்குவது உலகெங்கும் பழகிய முறை என்பதால், இந்தக் குப்பியைக் கொழும்பு வீட்டுச் சமையலறையிலும் நம்பிக்கையோடு செய்து பார்க்கலாம். பிசாசுக்கு மாற்று தேட வேண்டும்.

செலண்டைனுக்கும் மாற்றுத் தேவை, அதுவும் கட்டாயமாக. கிரேக்க மொழியில் தகைவிலானைக் குறிக்கும் 'கெலிடோன்' என்ற சொல்லிலிருந்தே அந்தச் செடிக்குப் பெயர் வந்தது.  ஆனால் உண்மைச் செலண்டைன் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. இணையத்தில் உலர்ந்த இலையாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். நம்மிடம் அதைவிட நல்ல மஞ்சள் பூ இருக்கிறது: ஆவரசம்பூ. சிங்களத்தில் ரணவரா என்று சொல்லித் தேநீராகக் குடிக்கும் அதே பூதான். உலர்ந்த பூவைப் புறக்கோட்டை கபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

குள்ளர்களின் சாராயத்துக்குத் தென்னஞ்சாராயத்தை விடப் பொருத்தமானது இங்கு வேறில்லை. தென்னம்பாளையிலிருந்து இறக்கிய கள்ளை வடித்து எடுப்பதால், அதன் மெல்லிய இனிப்பு மூலிகையை அமுக்காமல் தாங்கி நிற்கும். 33.5 சதவீதம் என்று அச்சிட்ட சாதாரண வகை போதும். விலையுயர்ந்த பழஞ்சாராயத்தில் மூலிகை போடுவது இரண்டுக்குமே நட்டம். போயா எனும் பௌர்ணமி விடுமுறை தினத்தில் மதுக்கடைகள் மூடியிருக்கும் என்பதால் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 21 வயது நிறையாதவர்களுக்கு விற்கவே மாட்டார்கள்.

அரைப் போத்தல், அதாவது 375 மி.லீ. சாராயத்துக்கு எலுமிச்சம்புல் இரண்டு தண்டு, துளசி இலை பதினைந்து, உலர்ந்த ஆவரசம்பூ ஒரு மேசைக்கரண்டி என்பது என் கணக்கு. எலுமிச்சம்புல்லை வெள்ளவத்தைச் சந்தையில் 'சேர' என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். தண்டின் வெண்மையான அடிப்பகுதியை மட்டும் வெட்டி, அம்மிக்குழவியால் ஒரு தட்டுத் தட்டினால் நார் பிளந்து மணம் கிளம்பும். நசுக்கிக் கூழாக்க வேண்டாம். கழுவிய துளசியைத் துணியில் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள், ஈரம் சாராயத்தை நீர்க்கச் செய்யும்.

இங்கேதான் கவனம் வேண்டும். மூன்றையும் ஒன்றாகப் போட்டு மறந்துவிடக் கூடாது. முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன்: மூன்று நாள் கழித்துத் திறந்தபோது துளசி கறுத்துச் சுருண்டு கிடந்தது, சாராயத்தில் பச்சைப்புல் வாடையும் தைல வாடையும் கலந்து அடித்தன, முழுப் போத்தலும் சமையலறைத் தொட்டியில் போயிற்று. மெல்லிய இலை விரைவில் சாரத்தை விட்டுவிட்டுப் பிறகு கசப்பை விடத் தொடங்கும். தண்டு நிதானமாகவே இறங்கும். ஆகவே எலுமிச்சம்புல்லை முதலில் போட்டு 24 மணி நேரம் இருட்டான அலுமாரியில் வையுங்கள். கடைசி மூன்று மணி நேரத்துக்குத் துளசி, கடைசி இரண்டு மணி நேரத்துக்கு ஆவரசம்பூ. குளிர்நாட்டுச் செய்முறைகளில் சொல்லப்படும் நேரம் நம் வெக்கைக்குப் பொருந்தாது, சூட்டில் சாரம் வேகமாக இறங்கும். அதனால் பூவைப் போட்ட பிறகு அரை மணிக்கொரு தடவை ஒரு துளியை நாக்கில் விட்டுப் பாருங்கள். தேன் நிறம் ஏறி, கசப்பு நாவின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்போதே வெள்ளைத் துணியில் வடித்துவிட வேண்டும். துணியைப் பிழிந்தால் கலங்கும். காஸ் அடுப்பு எரியும் இடத்துக்கு அருகில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

பிசாசின் மூளைக்கு நான் கண்டுபிடித்த மாற்று, ஃபலூடாவில் போடும் கசகசா. தமிழகத்தில் சப்ஜா என்பார்கள். அங்கே கசகசா என்றால் வேறு விதை. ஒரு தேக்கரண்டி விதையைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டால், ஒவ்வொன்றும் கறுப்புக் கண்ணைச் சுற்றிய வழுவழுப்பான உறையோடு வீங்கி நிற்கும். பார்க்கவும் விழுங்கவும் பிசாசுக்கு ஏற்றதே.

கலப்பது சுலபம். மூலிகைச் சாராயம் 50 மி.லீ., தேசிக்காய்ச் சாறு 20 மி.லீ., கித்துள் பனையின் பாணி 15 மி.லீ. ஆகியவற்றை ஐஸ்கட்டிகளோடு மூடியுள்ள போத்தலில் இட்டு, கை விறைக்கும் வரை, ஏறக்குறைய பதினைந்து விநாடி, குலுக்குங்கள். பாணி கெட்டியாக இருந்தால் முதலில் சிறிது வெந்நீரில் இளக்கிக்கொள்ளலாம். உயரமான கிளாஸில் வடித்து, 60 மி.லீ. சோடா ஊற்றி, கசகசாவைக் கடைசியில் சேர்த்தால் விதைகள் குமிழிகளோடு ஏறி இறங்கும். சோடாவுக்குப் பதில் இஞ்சி பியர் விடுவோரும் உண்டு. அப்போது பாணியைப் பாதியாக்குங்கள், இல்லையேல் ஆவரசம்பூ அடிபட்டுப்போகும்.

விளையாட்டில் குப்பிமேல் குப்பியாகக் குடித்தால் நச்சு அளவுகோல் ஏறிக்கொண்டே போகும். இங்கே திரையில் கோடு தெரியாது, ஆனால் கணக்கு உண்டு: மேற்சொன்ன ஒரு கிளாஸில் சுமார் 13 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது. இரண்டோடு நிறுத்துவது என் வழக்கம். வீடு திரும்ப ஓட்டோ பிடித்துக்கொள்வார்கள் என்றால்தான் நண்பர்களுக்கு ஊற்றுவேன். கர்ப்பிணிகளுக்கும் தினசரி மருந்து எடுப்போருக்கும் மதுவோ ஆவரசம்பூவோ வேண்டாம். மது அருந்தாதவர்களுக்கு எலுமிச்சம்புல்லையும் துளசியையும் வெந்நீரில் பத்து நிமிடம் மூடிவைத்து, ஆறவிட்டு, அதே அளவில் சாராயத்தின் இடத்தில் சேர்த்தால் போதும்.

வடித்த சாராயத்தை மூடி இறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். போத்தலின் மேல் பெயரையும் தேதியையும் பெரிதாக எழுதி ஒட்டுவது முக்கியம். துளசி மணக்கும் மஞ்சள் திரவத்தை இருமல் கஷாயம் என்று நினைத்து ஒரு கரண்டி எடுத்துக்கொள்ள எங்கள் வீட்டிலேயே ஒருவர் ஆயத்தமானார்.