சிப்பி ஓட்டைத் துளைக்கும் புழு: பழியெல்லாம் வெயிலுக்கா?

சிப்பியைத் திறந்தால் ஓட்டின் உள்பக்கம் கருப்பாக ஒரு கொப்புளம். கத்தி முனை பட்டதும் மெல்லிய முத்துப்பூச்சு நொறுங்கி, நாற்றமடிக்கும் சேறு வழியும். பாலிடோரா வகைப் புழுவின் வேலை இது.

பார்த்தவுடன் பலர் செய்யும் தவறு, புழு சதையைத் தின்கிறது என்று நினைப்பது. அது ஓட்டில் 'யு' வடிவத்தில் வளை தோண்டிக் குடியிருக்கும். ஓட்டின் விளிம்பில் இரண்டு உணர்கொம்புகளை நீட்டி, நீரில் மிதந்து வரும் துகள்களைப் பிடித்துத் தின்னும். சாப்பிடுபவருக்கும் தீங்கில்லை. ஆனால் புழுவை அடைக்க முத்துப்பூச்சு பூசிப் பூசியே சிப்பியின் சக்தி கரைகிறது. சதை மெலிகிறது, ஓடு பலவீனமாகிறது. ஓட்டோடு பரிமாறும் சிப்பிக்கு அப்புறம் ஏது விலை?

'கடல் சூடானதால் வந்தது' என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. சூடு புழுவின் வளர்ச்சியை விரைவாக்கும், இனப்பெருக்கக் காலத்தை நீட்டும், உண்மைதான். ஆனால் ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்கு அதைச் சுமந்து போவது பெரும்பாலும் நாம்தான். புழு இருக்கும் சிப்பியைச் சோதிக்காமல் இடம் மாற்றினால், வளைக்குள் சரம்சரமாக இருக்கும் முட்டைப் பைகளும் கூடவே போகும். செத்த ஓடுகளைப் பண்ணையிலேயே குவித்து வைப்பதும் அதே கதைதான்.

எப்போதும் நீருக்குள்ளேயே வளர்ப்பதும் புழுவுக்குச் சாதகம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இந்தப் புழுவால் அடிபட்ட வளர்ப்பாளர்கள், சிப்பியைத் தரையிலிருந்து தூக்கி, வற்றத்தில், அதாவது கடல்நீர் இறங்கும் நேரத்தில், காற்றுப்பட்டுக் காயும் உயரத்துக்கு மாற்றினார்கள்.

சரி, காயவைத்தால் போதுமா? பருவநிலை மாற்றம் கணக்கைக் குழப்புவது இங்கேதான். காயவைக்கும் பழைய நேர அட்டவணைப்படி உச்சிவெயிலில் போட்டால் புழுவுக்கு முன்னால் சிப்பி செத்துவிடும். வெப்பம் கூடிய நாட்களில் இரவு வற்றத்தில் காயவைப்பது நல்லது. வசதி இருந்தால், சுமார் 3 டிகிரி செல்சியஸ் குளிரறையில் சில வாரம் வைப்பதும் பலன் தந்திருக்கிறது. உப்பில்லாத நல்ல தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பதை நான் நம்புவதில்லை. வளைக்குள் அது சரியாக எட்டாது. ஒரு தடவையோடு முடிகிற வேலையும் இல்லை: நீரில் வாரக்கணக்கில் மிதக்கும் இளம்புழுக்கள் திரும்ப வந்து ஒட்டும்.

கடல் அமிலமானால் புழு பெருகியே தீரும் என்பதும் அவசர முடிவு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், மிகக் கடுமையாக அமிலமான நீருக்கு உட்படுத்திய ஓடுகளில் புழு குறைவாகவே ஏறியது.